வெட்டுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள்: கிழக்கு மாகாண சுகாதாரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், சுகாதார அமைச்சில் சத்திரசிகிச்சைச் சேவைகளுக்குப் பொறுப்பாக உள்ளோருக்கும்,

வணக்கம்.

நான் அரச வைத்தியசாலைகளில் 31 ஆண்டுகள் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். அந்த ஆண்டுகளில் 11 சத்திரசிகிச்சை வாட்டிலும் புண் கட்டும் அறையிலும் கழிந்தன. இம்மடலை எழுதும் உரிமை அந்தப் பணிக்காலத்தால் வந்ததென்று நான் கருதவில்லை. என் சொந்த அண்ணாவின் காலில் நான் விட்ட பிழையாலேயே இதை எழுதத் துணிந்தேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உயிரைப் பறிக்கக்கூடிய கிருமித்தொற்று மேலேறிக்கொண்டிருக்கும் அவசர நிலைமை தவிர, இம்மாவட்டத்தில் எவருடைய காலும் அதன் குருதியோட்டம் அளக்கப்படாமலும், குருதிக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் கருத்துக் கேட்கப்படாமலும் அகற்றப்படக் கூடாது. இது ஒரு நல்லெண்ணமாக நின்றுவிடாமல் எழுத்திலுள்ள நடைமுறையாக வேண்டும்.

அண்ணாவுக்குச் சலரோகம் வந்து 14 ஆண்டுகள். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வருபவர். ஒரு கலியாண வீட்டுக்காக வாங்கிய புதுச் செருப்பின் வார், வலது காலின் இரண்டாம் விரலில் உரசிப் புண்ணாக்கியது. தங்கச்சி தாதியாக இருக்கையில் ஆஸ்பத்திரிக்கு ஏன் அலைவான் என்று வீட்டிலேயே நான் சேலைன் ஊற்றிக் கழுவி, ஐந்து கிழமைகள் கட்டுப் போட்டேன். புண் ஆறவில்லை, ஆனால் சீழும் இல்லை, மணமும் இல்லை, ஆகவே பொறுத்திருந்தேன். அந்த நாட்களில் அவர் இரவில் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டபடி, பாதத்தைச் சீமெந்துத் தரையில் ஊன்றிக்கொண்டே தூங்குவார். ஏன் என்று கேட்டதற்கு, "கீழ விட்டாத்தான் நோ குறையுது, தங்கச்சி" என்றார். வெக்கைக்குத் தரையின் குளிர்ச்சி சுகமாக இருக்கிறது போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். படுத்திருக்கையில் பாதத்துக்கு ஏறமுடியாத குருதி, காலைத் தொங்கவிட்டால் தன் பாரத்தால் சற்றே கீழிறங்கும். அதனால்தான் வலி தணிகிறது. பாதத்துக்குக் குருதி கொண்டுவரும் நாடியில் ஏற்படும் அடைப்பின் கடைசிக் கட்டத்தை அறிவிக்கும் அறிகுறி அதுவென்று தாதியர் கல்லூரியில் நான் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். என் வீட்டுக் கட்டிலில் கண்டபோது எனக்கு அது புலப்படவில்லை.

பின்னர் ஒரு வைத்தியசாலையில் விரல் அகற்றப்பட்டது. அந்தக் காயம் ஓரங்களில் கறுத்தது. மூன்று கிழமைகளில் முழங்காலுக்குக் கீழே அகற்றினார்கள். அந்தத் தையலும் கூடவில்லை. தொலைவிலுள்ள வேறொரு வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டபோதுதான், வாட்டுக்கு வந்த இளம் வைத்தியர் ஒருவர் மிஞ்சியிருந்த காலின் மடக்கில் விரல் வைத்து, பிறகு கவட்டில் விரல் வைத்து, எங்களைத் திரும்பிப் பார்த்து, "இந்தக் காலில் எப்போதிருந்து நாடித்துடிப்பு இல்லை?" என்று கேட்டார். எங்களில் எவருக்கும் பதில் தெரியவில்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சீனியின் அளவும் பிரஷரின் அளவும் மாத்திரையின் பெயர்களும் இருந்தன. பாதத்தைப் பற்றி, நாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. முழங்காலுக்கு மேலே மூன்றாவது தடவையாக வெட்டிய பிறகே காயம் ஆறியது. முழங்கால் மூட்டு மிஞ்சியிருந்தால் ஜெய்ப்பூர்க் காலை மாட்டி நடந்திருப்பார். தொடையோடு போன பின்னர், செயற்கைக் காலை இழுத்து நடக்க வேண்டிய பலம் அந்த வயதில் பலருக்கு வாய்ப்பதில்லை, அண்ணாவுக்கும் வாய்க்கவில்லை.

இதில் எந்தத் தனி மனிதரையும் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. நிறுத்துவதென்றால் முதலில் என்னைத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் புண் கட்டும் அறையில் நான் கழித்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்போது, அண்ணாவின் கதை தனியொருவரின் கதையாக எனக்குத் தோன்றவில்லை. ஆறாத பாதங்கள் எத்தனை என் கையால் கழுவப்பட்டன. அவற்றில் எத்தனை பாதங்களில் நான் விரல் வைத்து நாடி பார்த்தேன் என்று கேட்டால், வெட்கத்தோடு தலைகுனிவேன்.

நம்முடைய பேச்சு வழக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பாடசாலை உயிரியல் புத்தகம், இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம், உணர்வைக் கடத்துவது நரம்பு என்று மூன்றையும் பிரித்துக் கற்பிக்கிறது. வீட்டிலோ மூன்றுக்கும் ஒரே பெயர்: நரம்பு. கெண்டைக்காலில் புடைத்து நெளியும் நாளத்தையும் நரம்பு என்கிறோம், சலரோகத்தால் உணர்விழக்கும் மெய்யான நரம்பையும் நரம்பு என்கிறோம், கொழுப்புப் படிந்து அடைபடும் நாடியையும் நரம்படைப்பு என்கிறோம். "நடந்தா கால் நரம்பு இழுக்குது ஐயா" என்று நோயாளி சொல்லும்போது, நெருக்கடியான கிளினிக்கில் அவருக்கு விற்றமின் மாத்திரை எழுதப்படுகிறது. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும், நின்றால் சில நிமிடங்களில் விடுவதும், மீண்டும் அதே தூரத்தில் பிடிப்பதும் நாடி அடைப்பின் அடையாளம். கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் கிளினிக் வரிசையில் இருப்பவர்களிடம் "எவ்வளவு தூரம் நடந்தால் கால் பிடிக்கும்? நின்றால் விடுமா?" என்று இரண்டு கேள்விகளைத் தமிழில் கேட்டால் பாதி விடயம் தெரிந்துவிடும்.

மற்றப் பாதி அவ்வளவு எளிதாக வெளிப்படாது. சலரோகக்காரரின் நரம்பு உணர்விழந்திருப்பதால், நாடி அடைபட்டிருந்தும் வலியே தெரியாத பலர் உண்டு. அவர்களுக்கு வாய் சொல்லாததை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலைத் தூக்கும்போது எழும் தசைநாணுக்குச் சற்று வெளியே ஓரிடம். உட்கணுக்கால் எலும்பின் பின்புறத்தில் இன்னோரிடம். நல்ல சுகதேகிகள் சிலருக்கும் பிறவியிலேயே மேற்பாத நாடி கைக்கு அகப்படாது என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும்.

விரலுக்கு அகப்படாதபோது கையடக்க டொப்ளர் கருவி இருக்கிறது. கர்ப்பிணிகளின் வயிற்றில் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க நமது குடும்பநல உத்தியோகத்தர்கள் பழகியிருக்கும் கருவியின் உடன்பிறப்பு அது. சாதாரண பிரஷர் பட்டியைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, டொப்ளரால் ஓசை கேட்டு, கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். கையில் 140, கணுக்காலில் 70 என்றால் விகிதம் 0.5. இது 0.9இற்குக் கீழே இருந்தாலே நாடி அடைப்பு உண்டென்று கொள்ள வேண்டும். சலரோகமும் சிறுநீரக வருத்தமும் உள்ளவர்களின் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து குழாய் கல்லாய் இறுகிவிடுவதால், பட்டியை எவ்வளவு அழுத்தினாலும் அது நசுங்காமல் 1.3, 1.4 என்று பொய்யான உயர்ந்த எண்ணைக் காட்டும். அப்போது பெருவிரலில் சிறு பட்டி கட்டி அளக்க வேண்டும். விரலின் அழுத்தம் 30 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே என்றால் எந்த மருந்து வைத்துக் கட்டினாலும் அந்தப் புண் ஆறுவது அரிது. ஆதார வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு தாதியர் இதை ஒரு கிழமைக்குள் பழகிவிடலாம். இதற்கென்று விசேட கட்டிடமும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

அளந்து கண்டுபிடித்த பின் என்ன செய்யலாம் என்பது உங்களில் வைத்தியர்களாக இருப்போருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஆயினும் இம்மடலை வாசிக்கப்போகும் நோயாளிகளின் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அடைப்பு சிறிதாகவும் கால் புண்ணில்லாமலும் இருந்தால் கத்தியே வேண்டாம். புகையை அடியோடு நிறுத்துவதும், அஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், கால் பிடிக்கும் வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியை மூன்று மாதங்களாவது விடாமல் செய்வதும் பலருக்குப் போதுமானவை. சுருட்டையும் பீடியையும் விடாத நடுத்தர வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களுக்கு வரும் பேர்கர் நோய் வேறு வகை. லியோ பேர்கர் 1908இல் விவரித்த அந்த நோயில் கைகால்களின் சிறு நாடிகளும் நாளங்களும் அழற்சியுற்று அடைபடும். புகையை நிறுத்தினால் நிற்கும், நிறுத்தாவிட்டால் விரல் விரலாகப் போகும். கடற்கரை வாடிகளில் சுருட்டோடு இருக்கும் தம்பிமாருக்கு இதை எவராவது அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறார்களா?

புண்ணோ இரவு வலியோ வந்துவிட்டால் குருதியை மீண்டும் பாதத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, அடைப்பைச் சுற்றிப் புதுப்பாதை போடுவது. 1948இல் பாரிஸில் ஜான் குன்லின் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், நோயாளியின் காலிலிருந்தே நீண்ட நாளத்தை எடுத்து, அடைபட்ட தொடை நாடிக்கு மேலும் கீழும் தைத்துக் காட்டினார். இன்றைக்கும் முழங்காலுக்குக் கீழே போகும் புதுப்பாதைக்கு நோயாளியின் சொந்த நாளத்துக்கு நிகரான குழாய் எதுவும் இல்லை. மற்றது, உள்ளிருந்தே திறப்பது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், பாதம் அழுகத் தொடங்கியும் காலை வெட்ட விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தொடை நாடியில், சார்ள்ஸ் டொட்டர் என்ற கதிரியக்க நிபுணர் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களைச் செலுத்தி வழி திறந்தார். அவருடைய பாதம் சூடேறியது, புண் ஆறியது, அவர் தம் சொந்தக் கால்களால் நடந்தார். அடைபட்ட நாடியை விரிக்கும் இன்றைய பலூனும், அதைத் திறந்தபடி வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயும் அந்தக் கிழவியின் பிடிவாதத்திலிருந்து வந்தவை என்று சொன்னால் மிகையாகாது. நம்மூர்க் கிழவிகளிடமும் அந்தப் பிடிவாதம் உண்டு. "சாகிறதெண்டாலும் காலோட சாகிறன்" என்று சொன்னவர்களை வாட்டில் நான் அறிவேன். அவர்கள் அறியாமையால் மறுக்கிறார்கள் என்று நாங்கள் நோயாளிக் குறிப்பில் எழுதினோம். வெட்டாமல் வேறு வழி உண்டா என்று அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் குறிப்பில் ஏறவில்லை.

இவை எல்லாக் கால்களையும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. அடியோடு கறுத்த பாதத்தை எந்தப் புதுப்பாதையும் மீட்காது. ஆனால் வெட்டியே ஆக வேண்டிய காலிலும் குருதியோட்டத்தைச் சீராக்கிவிட்டு வெட்டினால் விரலோடு நிற்கும், முழங்காலாவது மிஞ்சும். அண்ணாவைப் போல மூன்று தடவை மேசையேற வேண்டியிராது.

மெல்ல மெல்ல அடைபடும் நாடிக்கு நாட்கள் உண்டு. திடீரென்று அடைபடும் நாடிக்கு மணித்தியாலங்கள்தான். வால்வு நோயாலோ துடிப்பின் ஒழுங்கீனத்தாலோ இதயத்துக்குள் உறைந்த கட்டி ஒன்று பறந்து வந்து தொடை நாடியில் சிக்கினால், கால் சட்டென்று வெளிறும், குளிரும், தாங்க முடியாமல் நோகும், பிறகு விறைக்கும், கடைசியில் அசையாது. தசை ஏறத்தாழ 6 மணித்தியாலங்களுக்கு மேல் குருதியின்றித் தாங்காது. நரம்பு அதற்கும் முன்பே தளரும். இந்த 6 மணித்தியாலங்களை நமது வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வெருகலில் விடியற்காலை 4 மணிக்கு ஒருவருக்குக் கால் குளிர்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வரும் காலம் இது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்து நின்ற தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அதன் அருமை தெரியும். அவர் முதல் வைத்தியசாலையை அடைந்து, பக்கவாதமோ நாரிப்பிடிப்போ என்று ஆராயப்பட்டு, நகரத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே நிபுணர் பார்த்து, கொழும்புக்கு அனுப்பத் தீர்மானிக்கும்போது காலை 9 மணி தாண்டிவிடும். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஹபரணையில் இறங்கித் தேநீர் குடிக்காமல் போனாலும் 5 மணித்தியாலங்கள். அவர் அங்கே போய்ச் சேர்வது காலைக் காப்பாற்றவா, காலை அகற்றவா என்பது புறப்படும்போதே தீர்ந்துவிட்ட விடயம்.

இங்கே இரண்டு காரியங்கள் இப்போதே செய்யக்கூடியவை. திடீர் நாடி அடைப்பென்று ஐயம் வந்தவுடன், குருதிக் கசிவு போன்ற தடை ஏதும் இல்லாவிடின், முதல் வைத்தியசாலையிலேயே நாளத்தினூடாக ஹெப்பரின் ஏற்றப்பட வேண்டும். அது இருக்கும் கட்டியைக் கரைக்காவிட்டாலும், அதன் மேலும் கீழும் குருதி மேலும் உறைந்து பரவுவதைத் தடுத்து நேரம் வாங்கித் தரும். அம்புலன்ஸ் கதவு மூடுவதற்கு முன் ஹெப்பரின் கொடுக்கப்பட்டதா என்று மாற்றல் கடிதத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும். மற்றது, தோமஸ் போகார்ட்டி 1963இல் அறிமுகப்படுத்திய, நுனியில் சிறு பலூன் கொண்ட மெல்லிய குழாய். கவட்டில் சிறு வெட்டு, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் மயக்கம், குழாயை உறைகட்டிக்கு அப்பால் செலுத்திப் பலூனை ஊதி இழுத்தால் கட்டி புழுப்போல வெளியே வரும். பயிற்சி பெற்ற பொதுச் சத்திரசிகிச்சை நிபுணரே இதைச் செய்யலாம். இக்குழாய்கள் எல்லா அளவுகளிலும் மாவட்டச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் அலுமாரியில் எந்நேரமும் இருக்க வேண்டும், முடிந்த நாளே மீண்டும் எடுக்கப்பட வேண்டும். கால் குளிர்ந்த மனிதர் மேசையில் கிடக்கும்போது களஞ்சியத்துக்குக் கடிதம் எழுத முடியாது.

காயத்தால் அறுந்த நாடிக்கும் இதே கணக்குத்தான். இரண்டாம் உலகப் போரில் அறுந்த நாடி முடிச்சிட்டுக் கட்டிவிடப்பட்ட வீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அந்தக் கையையோ காலையோ இழந்தார்கள். கொரியப் போரில் கட்டுவதை விட்டுத் தைக்கத் தொடங்கியதும் அது 13 சதவீதமளவுக்கு இறங்கியது. நமது மண்ணில் போர்க்காலத்தில் கால் இழந்தோரின் பட்டியலில் இந்தக் கணக்கு எப்படி இருந்தது என்பதை நான் இங்கே கிளறவில்லை. அப்போது வீதியும் மூடியிருந்தது, மருந்தும் இருக்கவில்லை. இன்று வீதி திறந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்கால் மூட்டு விலகி வருபவரின் பின்முழங்கால் நாடி கிழிந்திருக்கக்கூடும் என்ற நினைவு எலும்பைப் பார்க்கும் அவசரத்தில் மறந்துபோகக் கூடாது.

நாளங்களின் நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உயிருக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் ஒதுக்கிவிடுவதால். நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் பழுதுபட்டுக் குருதி கீழே தேங்குவதால் கால் புடைக்கிறது, கணுக்காலுக்கு மேல் உட்புறத் தோல் கறுக்கிறது, ஒரு சொறிதலில் புண்ணாகிறது, அந்தப் புண் ஆண்டுக்கணக்கில் ஒழுகுகிறது. நின்று வேலை செய்வோரின் வருத்தம் இது: ஆசிரியைகள், கடைச் சிப்பந்திகள், சமையற்காரர்கள், நாங்கள் தாதியர். என் கெண்டைக்கால்களையே இதற்குச் சாட்சியாக நிறுத்தலாம். இதற்கு அறுவை உண்டு, நாளத்துக்குள் லேசர்க் கதிரால் சுட்டு மூடும் முறை உண்டு, நுரை மருந்தேற்றி அடைக்கும் முறை உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, விரலடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கமான பல அடுக்குக் கட்டு உண்டு. கோடை வெயிலில் திருகோணமலையில் அந்தக் கட்டோடு இருப்பது எத்தகைய தண்டனை என்பதும் எனக்குத் தெரியும். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுவதற்கு நான் கோபித்ததில்லை. ஆனால் இதிலும் அதே விரலும் அதே டொப்ளரும் வந்து நிற்கின்றன. நாளப் புண் என்று நினைத்து இறுக்கிக் கட்டும் காலில் நாடியும் அடைபட்டிருந்தால், அந்தக் கட்டே காலைக் கொன்றுவிடும். கணுக்கால், கை அழுத்த விகிதம் 0.8இற்குக் கீழே இருப்பவருக்கு முழு இறுக்கக் கட்டு கூடாது. அளக்காமல் கட்டிய ஒவ்வொரு கட்டும் குருட்டாம்போக்குத்தான். நமது நகரில் சித்த மருத்துவத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகப் பீடம் ஒன்றே இருக்கிறது. நாட்டு வைத்தியரிடமும் இத்தகைய கால்கள் ஏராளமாகப் போகின்றன. அவர்களையும் இந்த அளவிடும் பயிற்சியில் சேர்த்துக்கொள்வதில் எவருக்கும் கௌரவக் குறைவு இல்லை.

பதவிசிறிபுரவிலும் அதன் அயலிலும் சிறுநீரக வருத்தத்தோடு வாழும் விவசாயக் குடும்பங்களுக்கும் இந்தத் துறையோடு நேரடித் தொடர்பு உண்டு. குருதி சுத்திகரிப்புக்கு (டயலிசிஸ்) மிக நல்ல வழி, முன்கையில் நாடியையும் நாளத்தையும் தைத்து இணைக்கும் சிறிய அறுவை. 1966 முதல் உலகம் முழுவதும் செய்யப்படுவது. ஆனால் அந்த இணைப்புப் பருத்து ஊசி ஏற்றத் தகுதியாவதற்கு ஆறு கிழமைகளாவது வேண்டும். ஆகவே சுத்திகரிப்புத் தொடங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே செய்ய வேண்டும். பிந்தினால் கழுத்து நாளத்தில் செருகும் குழாய்தான், அதோடு வரும் காய்ச்சலும் கிருமியும்தான். இலங்கையில் குருதிக்குழாய் சத்திரசிகிச்சையும் உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சையும் ஒரே நிபுணத்துவமாகப் பயிற்றப்படுகின்றன என்பதால், இம்மாகாணத்துக்கு வரும் ஒரு நிபுணர் சலரோகப் பாதத்துக்கும் சிறுநீரக நோயாளிக்கும் சேர்த்தே வருகிறார். இதை நிதி ஒதுக்கும் மேசையில் எடுத்துச் சொல்லுங்கள்.

எனவே என் வேண்டுகோள்களை வரிசைப்படுத்தி அலங்கரிக்காமல் சொல்கிறேன். சலரோகக் கிளினிக் கொப்பியில் சீனி, பிரஷர் எழுதும் பக்கத்தில் 'பாத நாடி: வலம், இடம்' என்று இரண்டு கட்டங்கள் அச்சிடப்படட்டும், அவை வெறுமையாக இருந்தால் மருந்துச் சிட்டை கொடுக்கப்படாமல் இருக்கட்டும். சப்பாத்தையும் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் நோயாளி வைத்தியர் முன் அமர வேண்டும் என்பது வழக்கமாகட்டும். குருதிக்குழாய் நிபுணர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது திருகோணமலையில் கிளினிக் நடத்த ஒழுங்கு செய்யப்படட்டும். ஏனைய நாட்களில், புண்ணின் படத்தையும் கணுக்கால் அளவையும் அனுப்பி அவருடைய கருத்தை அன்றைக்கே பெறும் வழி எழுத்தில் ஏற்படுத்தப்படட்டும். இன்று அந்த வழி பெரும்பாலும் 'யாருக்கு யாரைத் தெரியும்' என்பதில் தங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். கூடப் படித்தவர் கொழும்பு வாட்டில் இருந்தால் அந்த நோயாளிக்குக் கட்டில் கிடைக்கும். இல்லாதவருக்குக் காலம் போகும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, கணுக்காலுக்கு மேலே நிகழும் ஒவ்வொரு துண்டிப்பும் மாவட்டப் பதிவேடு ஒன்றில் எழுதப்பட வேண்டும்: வயது, சலரோகம், புகை, நாடி பார்க்கப்பட்டதா, விகிதம் எவ்வளவு, நிபுணரின் கருத்துக் கேட்கப்பட்டதா, எந்த மட்டத்தில் வெட்டப்பட்டது, எத்தனையாவது தடவை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் இந்நாட்டில் ஏன் என்று கூடிப் பேசி ஆராய்கிறோம். அந்த ஒழுங்குதான் தாய்மார் மரணத்தைக் குறைத்தது என்று நாம் பெருமைப்படுகிறோம். கால் போனால் மட்டும் ஏன் அது நோயாளியின் கவலையீனமாக முடிந்துவிடுகிறது?

பணமில்லை என்பீர்கள். இருக்கலாம். குருதிக்குழாய்களைப் படம்பிடிக்கும் அன்ஜியோகிராம் கூடமும் ஸ்டென்டும் விலையுயர்ந்தவை, அவற்றுக்கு நான் அவசரப்படவில்லை. கட்டம் அச்சிட்ட கொப்பிக்கும் சில டொப்ளர் கருவிகளுக்கும் ஆகும் செலவு, ஒருவர் மூன்று தடவை மேசையேறி இரண்டு மாதம் வாட்டில் கிடக்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. அந்த வீட்டில் உழைப்பு நின்றுபோவது எந்தக் கணக்கிலும் வராது.

சமயத் தலைவர்களுக்கும் ஒரு சொல். கோணேசர் கோயில் வீதியிலும் பத்திரகாளி அம்மன் கோயில் வீதியிலும் நண்பகலில் வெறுங்காலோடு சுற்றிவரும் சலரோகக்காரருக்குச் சுட்டது தெரிவதில்லை. மாலையில் கொப்புளத்தைப் பேரப்பிள்ளைதான் கண்டுபிடிக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை எங்கள் ஊரைக் கடந்துபோகும் நாட்களில் அந்தப் பாதங்களைப் பார்க்க ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டால் நான் வந்து அமரத் தயார். நேர்த்திக்கடனை எவரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வெயிலேறுமுன் நடக்கச் சொல்லலாம், ஒவ்வொரு இரவும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். பள்ளிவாசல்களில் வுழூச் செய்யும் வேளையில் ஐந்து நேரமும் காலைக் கழுவும் என் கிண்ணியாச் சகோதரர்களுக்கு, விரலிடுக்கை ஒரு கணம் உற்றுப் பார்க்கும்படி மௌலவிமார் சொன்னால் அது எங்கள் எல்லாத் துண்டுப்பிரசுரங்களையும் விட அதிகம் செய்யும்.

நான் இப்போது கிழமையில் மூன்று நாட்கள் ஓய்வாக இருக்கிறேன். அண்ணாவின் இடது காலில் மேற்பாத நாடியும் கணுக்கால் நாடியும் இன்னும் துடிக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் பார்த்து, அவருடைய கொப்பியின் ஓரத்தில் நானே கோடு கிழித்து எழுதுகிறேன். உங்கள் கிளினிக் எதிலாவது இந்த இரண்டு கட்டங்களை நிரப்பத் தாதியருக்குப் பழக்க வேண்டுமானால், பஸ் காசும் தேவையில்லை, வருகிறேன். இம்மடலுக்கு எழுத்தில் பதில் ஒன்றை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.